வாரியத்தின் வாத்துகள்

இதனால் சகல கால்நடை வளர்ப்போருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனிதன் முதன்முதலாக ஒரு விலங்கைக் கயிற்றில் கட்டிய நாளிலிருந்து இன்றுவரை நடந்திராத, இனி நடக்கவும் வாய்ப்பில்லாத ஒரு மாபெரும் நிகழ்ச்சி, வருகிற தும்பெக் கண்டாங் என்னும் கால்நடைத் திருநாளன்று நமது தெகல்சாரி கிராமத்து மைதானத்தில் நடைபெறவிருக்கிறது. மாவட்டக் கால்நடை நல்வாழ்வு வாரியம் பெருமையுடன் வழங்கும் 'விவசாய வாழ்வின் சவால்களும் வெகுமதிகளும்: மனந்திறந்த கலந்துரையாடல்'. கால்நடை வளர்ப்போர் தங்கள் உள்ளத்தில் உள்ளதைக் கூச்சமின்றி எடுத்துரைக்கலாம். உள்ளத்தில் உள்ளது எது என்பது முன்கூட்டியே அச்சிட்டு வழங்கப்படும். வருகை முற்றிலும் அவரவர் விருப்பம். வராதவர்களின் பெயர்கள் குறித்துக்கொள்ளப்படும்.

ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று தெகல்சாரியின் ஒரே தெருவில் மேலும் கீழும் போய்க்கொண்டே இதைச் சொன்னபோது, நெங்கா முத்ரா வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் நின்று, நொண்டிய வாத்து ஒன்றின் காலில் சுற்றியிருந்த நைலான் நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். சவால் என்ற சொல் காதில் விழுந்தது. வெகுமதி என்ற சொல்லும் விழுந்தது. இரண்டும் பெரிய மனிதர்கள் சமாச்சாரம் என்று முடிவு செய்து வாத்தைத் தண்ணீரில் விட்டான்.

அவனுக்கு வேறு கவலை இருந்தது. ஆற்றோர வயலில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் வாத்து மேய்ப்பவனுக்கு நிலம் கிடையாது, கழி உண்டு. நீளமான மூங்கில்கழி, நுனியில் ஒரு வெள்ளைத் துணி. குஞ்சிலிருந்தே அந்தத் துணியைப் பார்த்து வளர்ந்த வாத்து, கழி போகிற இடத்துக்குப் போகும், கழியை ஊன்றிய இடத்தில் நிற்கும். காலையில் ஊன்றிவிட்டு மேய்ப்பவன் வீட்டுக்குப் போய்க் குறட்டை விட்டாலும், சாயங்காலம் வந்து பிடுங்கும்வரை கழியைச் சுற்றியே மேய்ந்துகொண்டிருக்கும். அறுப்பு முடிந்த வயலில் எவன் கழி வாத்துகளோடு முதலில் ஊன்றப்படுகிறதோ, மடை திறந்து தண்ணீர் விடும்வரை அந்த வயலில் சிந்திய நெல்லெல்லாம் அவன் வாத்துகளுக்கு. வாத்து இல்லாமல் கழியை மட்டும் ஊன்றினால் அது வெறும் குச்சி. இதற்குச் சட்டம் கிடையாது, ரசீது கிடையாது, ஆகையால் இத்தனை காலமாகத் தகராறும் கிடையாது.

போன இரண்டு வயல்களையும் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த கெபியார் விடியுமுன்பே பிடித்துக்கொண்டான். முத்ராவின் வாத்துகளோ அப்போதுதான் முட்டையிடத் தொடங்கியிருந்தன. வாங்கிப் போட்ட தவிட்டைத் தின்றுவிட்டு, அந்தத் தவிட்டின் தரத்துக்கு ஏற்றாற்போல் இட்டன. ஆற்றோர வயலும் கைவிட்டுப் போனால், பாதி வாத்தை விற்று மீதிப் பாதிக்குத் தீனி போடவேண்டியதுதான் என்று அவன் மனைவி லூ சுகெர்தி சொல்லிவிட்டாள். எந்தப் பாதி என்றுகூட அவள் பார்த்து வைத்திருந்தாள்.

இந்த நிலைமையில்தான் வாரியத்தின் கிராம அலுவலர் அர்தானா ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். வாய்க்கால் கரையில் நின்றபடியே கும்பிட்டான்.

"அண்ணே, வாத்துத் துறைக்கு நீங்கதான்."

"துறையா? நான் வாத்து மேய்க்கிறேன் தம்பி."

"அதைத்தான் மேல துறைன்னு சொல்றாங்க. பன்றித் துறைக்கு மென் கெர்தா அக்கா ஒத்துக்கிட்டாங்க. மாட்டுத் துறைக்கு பான் துகிர் மாமா. வாத்துக்கு ஆள் இல்லைன்னா முன்வரிசையில ஒரு நாற்காலி காலியாக் கிடக்கும். தலைவருக்குக் காலி நாற்காலியப் பார்த்தாலே ஆகாது. அதுல யாரையாவது உக்கார வெச்சிருவாங்களோன்னு ஒரு பயம்."

"அன்னிக்குக் காலையில ஆத்தோர வயல்ல கதிரடிச்சு முடிக்கிறாங்க. நான் வாத்த ஓட்டிட்டுப் போகணும்."

"அஞ்சு நிமிஷம்ணே. வந்தீங்க, பேசினீங்க, போனீங்க. நீங்க பேசவேண்டியதை நானே எழுதிட்டேன். நீங்க உதட்ட அசைச்சா போதும்."

அர்தானா கெட்டவன் இல்லை. அவன் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்பது அந்தக் கலந்துரையாடலில்தான் இருந்தது என்பது முத்ராவுக்குத் தெரியும். மறுக்க வாய் வரவில்லை.

திருநாள் காலையில் சுகெர்தி வாத்துகளுக்குப் பூவும் சோறும் படைத்து, தீர்த்தம் தெளித்தாள். வாத்துகள் பூவையும் சேர்த்துத் தின்றன. அவற்றை ஓட்டிக்கொண்டு முத்ரா பாலத்துக்குப் போனபோது குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மைதானம், மைதானத்தைத் தாண்டினால் ஆற்றோர வயல். வேறு வழி கிடையாது. கயிற்றுக்குப் பின்னால் சீருடை போட்ட ஒருவன் நின்றான்.

"கால்நடை எதுவும் இன்னிக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது."

"ஏன்?"

"கால்நடைத் திருநாள்."

முத்ரா சற்று நேரம் அந்தப் பதிலைப் பார்த்துக்கொண்டு நின்றான். சீருடைக்காரன் இரக்கப்பட்டு விளக்கினான். "தலைவர் வர்ற பாதை. சாணி கீணி போட்டுச்சுன்னா நல்லா இருக்காது. போன வருஷம் ஒரு பசு வந்து எல்லாத்தையும் அசிங்கப்படுத்திருச்சு."

வாத்துகளையும் கழியையும் சுகெர்தியிடம் ஒப்படைத்துவிட்டு, தலைக்கட்டைச் சரிசெய்துகொண்டு முத்ரா கயிற்றுக்கு அடியில் குனிந்து போனான். ஐந்து நிமிடம்தானே.

மைதானத்தில் பெரிய பந்தல். அதைச் சுற்றிலும் வாரியம் நட்டிருந்த அலங்காரக் கம்பங்கள். மேடைக்கு நேர் எதிரே மட்டும் ஒரு மூங்கில், தென்னைமரத்தோடு போட்டி போடும் உயரத்தில். அதன் நுனியில் வாரியத்தின் கொடி. கொடியில் ஒரு மாடு, ஒரு பன்றி, ஒரு வாத்து, இவை மூன்றுக்கும் மேலே ஆசீர்வதிக்கும் ஒரு கை. புதிதாக அச்சிட்டபோது அப்படித்தான் இருந்ததாம். ஒரு சலவைக்குப் பிறகு இப்போது வெறும் வெள்ளைத் துணி.

மென் கெர்தாவும் பான் துகிரும் முன்வரிசையில் ஏற்கெனவே வியர்த்துக்கொண்டிருந்தார்கள். மென் கெர்தா ஊரில் பாதிப் பன்றிகளுக்குப் பிரசவம் பார்த்தவள். பான் துகிருக்கு மாடுகள் போக, வயல்களுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று முடிவு செய்யும் நீர்ச்சங்கத் தலைமையும் உண்டு. அவர் மடி மேல் ஒரு நீல அட்டையும் ஒரு மஞ்சள் அட்டையும் இருந்தன.

"நீலம் சவால், மஞ்சள் வெகுமதி," என்றார் பான் துகிர். "என் சவால் என்ன போட்டிருக்குன்னு படி."

முத்ரா படித்தான். "'பருவநிலை மாற்றமும், விவசாயியாகிய எனது விழிப்புணர்வின்மையும்.'"

"எனக்கும் அதேதான்," என்றாள் மென் கெர்தா. "போன வாரம் என் தாய்ப்பன்றி கோயிலுக்குக் கட்டுற பட்டுச் சேலையத் தின்னுருச்சு. அதைச் சொல்லட்டுமான்னு அர்தானாகிட்ட கேட்டேன். அது சவால் பட்டியல்ல இல்லைக்கான்னுட்டான்."

"வெகுமதில சேத்துக்கச் சொல்லு. பன்றிக்கு வெகுமதிதான அது."

"மாமா, நீங்க வாயத் திறந்தா உங்க மாட்டோட சாணியே தேவலாம்."

முத்ரா சிரித்துவிட்டான். அப்போது ஒலிபெருக்கியில் தொகுப்பாளினியின் குரல் தேனாக வழிந்தது. "முன்வரிசையில் இருப்பவர்கள் தயவுசெய்து பேச வேண்டாம். கலந்துரையாடல் தொடங்கவிருக்கிறது."

தொடங்கவிருந்த கலந்துரையாடல் வெயில் ஏறும்வரை தொடங்கவேயில்லை. தலைவர் வரவில்லை. அவர் வரும்போது எப்படி எழுந்து நிற்பது என்று ஒத்திகை பார்த்தார்கள். எழுந்தது சரியில்லை என்று மறுபடி உட்கார்ந்து எழுந்தார்கள். எப்போது சிரிப்பது என்றும் ஒத்திகை நடந்தது. அர்தானா பந்தலின் ஓரத்தில் நின்று காதைத் தொட்டால் சிரிப்பு, மூக்கைத் தொட்டால் கைதட்டல். கொசு கடித்ததில் இரண்டு தடவை வீணாகப் போயிற்று.

கால்நடைகளுக்குப் படைக்கும் சடங்கை மேடையிலேயே செய்வதென்று ஏற்பாடு. ஆனால் கால்நடைகளுக்குத்தான் அனுமதி இல்லையே. வாரியம் அதையும் யோசித்திருந்தது. மாட்டு வேஷம் போட்ட ஓர் ஆளைப் பின்பக்கமிருந்து நடத்திக்கொண்டு வந்தார்கள். உள்ளே இருந்தது அர்தானாவின் மைத்துனன். பூசாரி தீர்த்தப் பாத்திரத்தோடு ஒரு கணம் நின்றார். பிறகு, இதற்கெல்லாம் மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதுபோல் தெளித்துவிட்டார். படைத்த சோற்றைத் துணி வாய் வழியாகக் கையை நீட்டி வாங்கி, மைத்துனன் உள்ளே தின்கிற சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. பந்தல் முழுக்கத் தானாகவே சிரித்தது. அர்தானா காதைத் தொடவில்லை என்பதால் அந்தச் சிரிப்பு செல்லாது என்று தொகுப்பாளினி அறிவித்தாள்.

வயல் பக்கமிருந்து கதிரடிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நின்றால் அறுப்பு முடிந்தது என்று அர்த்தம். அது நின்றதும் கெபியார் ஆற்றில் இறங்குவான். ஆறுதான் மாவட்ட எல்லை. அக்கரைக்காரர்களுக்குத் தங்கள் சவால்களைக் கலந்துரையாடும் பாக்கியம் இன்னும் கிட்டவில்லை, அவர்கள் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முத்ரா அர்தானாவைத் தேடிப் பிடித்தான். "தம்பி, அஞ்சு நிமிஷம்னியே."

"பேச ஆரம்பிச்சா அஞ்சு நிமிஷம்தாண்ணே. ஆரம்பிக்கிறதுதான் இழுக்குது."

கடைசியில் தலைவர் வந்தார். டாக்டர் கடே விர்யாசா. அவர் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் இருந்த பட்டங்களைத் தொகுப்பாளினி படித்து முடிப்பதற்குள் அவரே மேடையேறி, கும்பிட்டு, தண்ணீர் குடித்து, உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்தார்.

"சகோதர சகோதரிகளே. நான் சிறு வயதிலிருந்தே கால்நடைகளை நேசிப்பவன். இன்று காலைகூட இரண்டு வகை சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்பட்டேன்."

அர்தானா மூக்கைத் தொட்டான். கைதட்டினார்கள்.

"இது விவசாயி பேசுகிற மேடை. அவர் பேசுவார், நான் கேட்பேன். அவர் என்ன பேசினால் நான் கேட்பேன் என்பதை முதலில் நான் விளக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது."

விளக்கமாகச் சொன்னார். வெயில் பந்தலின் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு நகர்ந்தது.

"சிலர் கேட்கிறார்கள், வாரியம் இத்தனை வருடங்களாக என்ன செய்தது என்று. பணிவோடு பதில் சொல்கிறேன். போன கூட்டத்தில் ஒரு முடிவெடுத்தோம், இந்தக் கூட்டத்தை நடத்துவதென்று. இதோ நடத்திவிட்டோம். எடுத்த முடிவை நிறைவேற்றிக் காட்டுகிற வாரியம் நாட்டில் வேறு எங்கே இருக்கிறது?"

வயல் பக்கம் கதிரடிக்கும் சத்தம் நின்றுபோயிற்று.

முத்ரா நாற்காலியின் நுனிக்கு வந்தான். எழுந்து ஓடிவிடலாம். ஓடி என்ன செய்வது, வாத்துகள் பாலத்துக்கு அந்தப் பக்கம் அல்லவா நிற்கின்றன. அவன் எழுந்து எட்டிப் பார்த்தான்.

சுகெர்திக்கும் அந்தச் சத்தம் நின்றது கேட்டிருந்தது. பாலத்துக்கு மேலேதான் தடை, கீழே இல்லை என்று அவளுக்கு முன்பே தோன்றியிருந்தது. கழியைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, வாத்துகளை வாய்க்கால் வழியாகப் பாலத்துக்கு அடியில் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சீருடைக்காரன் மேலே நின்று தலைவரின் காரைக் காவல் காத்துக்கொண்டிருந்தான், அவன் கால்களுக்கு அடியில் மொத்த வாத்துத் துறையும் கடந்து போனது.

வாய்க்காலிலிருந்து மேலே ஏறிய வாத்துகள் மைதானத்தின் ஓரத்தில் நின்றன. கழுத்தை நீட்டின. அவற்றின் வாழ்நாளில் அத்தனை பெரிய கழியை அவை பார்த்ததில்லை. அத்தனை பெரிய வெள்ளைத் துணியையும் பார்த்ததில்லை. சுகெர்தி தன் கழியை ஆட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். அதை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, எல்லா வாத்துகளும் ஒழுங்காக வரிசை பிடித்து, நாற்காலிகளுக்கு இடையே புகுந்து, மேடைக்கு எதிரே இருந்த கொடிக்கம்பத்தைச் சுற்றி வந்து நின்றுகொண்டன. நின்று, தலையைத் தூக்கி, மேடையைப் பார்த்தன.

தலைவரின் பேச்சு அறுந்தது. அர்தானாவின் முகம் வெளிறியது. வாத்துகள் சத்தம் போடவில்லை. கழியடியில் வந்து சேர்ந்த வாத்து சத்தம் போடாது.

தலைவர் வாத்துகளை நெடுநேரம் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின.

"பாருங்கள்," என்றார். "அழைப்பிதழ் அனுப்பவில்லை. சாப்பாட்டுப் பெட்டி கொடுக்கவில்லை. வந்தன. கேள்வி கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நடுவில் எழுந்து போகவில்லை. எப்படிப்பட்ட விவசாயியை உருவாக்க இந்த வாரியம் இரவும் பகலும் உழைக்கிறதோ, அந்த விவசாயி இதோ என் எதிரே நிற்கிறார்."

மூக்கைத் தொட அர்தானா மறந்துவிட்டான். முன்வரிசை அதிகாரிகள் தாங்களாகவே எழுந்து தட்டினார்கள்.

"இவற்றின் உரிமையாளர் யார்?"

அர்தானா முத்ராவைத் தள்ளாத குறையாக மேடையில் ஏற்றி, கையில் ஒலிவாங்கியைத் திணித்தான். முத்ராவின் மறு கையில் அவனுக்குக் கொடுத்திருந்த நீல அட்டை இருந்தது. அது தலைகீழாக இருந்தது.

"ஐயா," என்றான் முத்ரா. "அதுங்க உங்களப் பாக்க வரல. அந்தக் கம்பத்தப் பாத்து வந்திருக்கு. வெள்ளத்துணி எங்க நிக்குதோ அங்கதான் நிக்கும். அந்தக் கம்பம் இங்க இருக்கிறவரைக்கும் என்னால ஓட்டிட்டுப் போக முடியாது. ஆத்தோர வயலுக்கு உடனே போகணும் ஐயா. போகலேன்னா எனக்குப் பாதி வாத்து போச்சு."

தலைவர் ஒலிவாங்கியை மென்மையாக வாங்கிக்கொண்டார். "கேட்டீர்களா. எளிய மனிதர், எளிய சொற்கள். என்னைப் பார்த்து வரவில்லையாம், வாரியத்தின் கொடியைப் பார்த்து வந்தனவாம். தனி மனிதன் முக்கியமல்ல, அமைப்புதான் முக்கியம் என்பதை ஒரு வாத்து புரிந்துகொண்டிருக்கிறது. கொடி இருக்கும்வரை அசையாதாம். அப்படியானால் இந்தக் கொடியை வயல்வெளிக்கே ஏந்திச் செல்வோம். இது என் உத்தரவு."

ஆறு பேர் சேர்ந்து கம்பத்தைப் பிடுங்கினார்கள். கேமராக்காரன் தயாரானதும் தலைவர் முன்னால் வந்து ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். ஊர்வலம் புறப்பட்டது. முதலில் கொடி, கொடிக்கு அடியில் தலைவர், அவருக்குப் பின்னால் வாத்துகள், வாத்துகளுக்குப் பின்னால் பதவி வரிசைப்படி அதிகாரிகள். வாத்துகளை முந்தப் பார்த்த துணை இயக்குநர் ஒருவரை நெறிமுறை அலுவலர் கையைப் பிடித்துப் பின்னால் நிறுத்தினார். கடைசியில் மாட்டு வேஷக்காரன் பின்கால் தடுக்கத் தடுக்க ஓடி வந்தான். வாழ்நாளில் முதல்முறையாக முத்ராவின் வாத்துகளுக்கு மேளமும் அடித்தார்கள்.

"உன் கழி சின்னதுன்னு நான் எத்தனை தடவ சொல்லியிருக்கேன்," என்றாள் சுகெர்தி, பக்கத்தில் ஓடிக்கொண்டே.

"இப்ப அதுக்கா நேரம்?"

வயலுக்கு வந்து சேர்ந்தபோது கெபியார் ஆற்றைக் கடந்து, எதிர் வரப்பில் தன் வாத்துகளோடு ஏறிக்கொண்டிருந்தான். அவன் கால் வயலுக்குள் இறங்க இன்னும் நாலு எட்டுதான். தலைவர் செருப்பைக் கழற்றி உதவியாளரிடம் கொடுத்தார், வெள்ளைக் கால்சட்டையோடு சேற்றில் இறங்கினார், கேமராவைப் பார்த்தபடி, தூக்கி வந்த ஆறு பேரோடு சேர்ந்து கம்பத்தை ஓங்கி ஊன்றினார். பின்னாலேயே வந்த வாத்துகள் நெல்லைப் பார்த்தன. அதற்குப் பிறகு கொடியையோ தலைவரையோ அவை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

கெபியாரின் வாத்துகளும் பெரிய கம்பத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டத் தொடங்கியதால், அவன் அவசரமாகத் தன் கழியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான். அந்தக் கோலத்திலேயே கேட்டான்.

"நெங்கா அண்ணே, இது யாரு கம்பம்?"

முத்ராவுக்குப் பொய் சொல்லத் தெரியும், ஆனால் வாத்து விஷயத்தில் தெரியாது. "வாரியத்தோடது."

"வாத்து?"

முத்ரா தலைக்கட்டைச் சரிசெய்தான்.

கெபியார் பான் துகிர் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க நீர்ச்சங்கத் தலைவரு. நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. கம்பம் ஒருத்தரோடது, வாத்து இன்னொருத்தரோடதுன்னா அது செல்லுமா?"

பான் துகிர் முத்ராவைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். கூட இருந்து சிரித்த மனிதர்தான். ஆனால் முறை என்று வந்துவிட்டால் அவர் தன் சொந்த மாட்டுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"செல்லாது. கம்பமும் வாத்தும் ஒரே ஆளோடதா இருக்கணும். அதான் முறை."

சுகெர்தி கண்ணை மூடிக்கொண்டாள். எந்தப் பாதி என்று அவள் மறுபடி யோசிக்கிறாள் என்பது முத்ராவுக்குத் தெரிந்தது.

இந்தப் பேச்சில் தலைவருக்குப் புரிந்தது ஒன்றுதான். ஏதோ ஒன்று யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்திருக்கிறது, கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. அவருடைய அனுபவத்தில் இதற்கு ஒரே பதில்தான். சேற்றிலிருந்து ஒரு காலைப் பிடுங்கி முன்னால் வைத்தார்.

"இவை வாரியத்தின் வாத்துகள்."

கெபியார் கழியைத் தூக்கிய கையோடு கேட்டான். "வாரியத்துக்கு வாத்து இருக்கா?"

"இந்த நிமிடத்திலிருந்து இருக்கிறது. வாரியத்தின் முன்மாதிரி வாத்துக் கூட்டம். முப்பதாண்டு உழைப்பின் பலன்."

பான் துகிர் வானத்திலிருந்து கண்ணை இறக்கினார். "அப்ப சரியாப் போச்சு. கம்பமும் வாரியம், வாத்தும் வாரியம். வயல் சாயங்காலம்வரைக்கும் அதுங்களுக்குத்தான்."

முத்ராவுக்கு மகிழ்வதா அழுவதா என்று தெரியவில்லை. வாத்துகள் வயிறு நிறையத் தின்றுகொண்டிருந்தன. ஆனால் அவை அவனுடையவை அல்ல. "இவளே, நம்ம வாத்து போச்சுடி," என்று முணுமுணுத்தான்.

சுகெர்தி அவன் விலாவில் கிள்ளினாள். "வாய மூடு. முதல்ல தின்னு முடிக்கட்டும்."

"இந்த முன்மாதிரிக் கூட்டத்தை வாரியம் எங்கே வைத்துப் பராமரிக்கப்போகிறது, ஐயா?" என்று கேமராவின் பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

தலைவர் அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல் நிமிர்ந்தார். "அதை முடிவு செய்ய ஒரு குழு அமைக்கப்படும். குழு இடத்தைத் தேர்வு செய்து, வாரியம் ஒப்புதல் அளிக்கும்வரை, வாத்துகள் தற்காலிகமாக இந்த விவசாயியின் பொறுப்பில் இருக்கும். தீனி, கொட்டகை, முட்டை முதலிய சுமைகள் யாவற்றையும் அவரே ஏற்பார். வாரியம் ஏற்காது."

"முட்டையும் நானேவா ஐயா?" என்றான் முத்ரா.

"தட்டிக் கழிக்கக் கூடாது," என்றார் தலைவர் கண்டிப்பாக.

முத்ரா தட்டிக் கழிக்கவில்லை. அர்தானாவை மெதுவாக ஒதுக்கிக் கூட்டிப் போனான். "தம்பி, உண்மையச் சொல்லு. அந்தக் குழு எப்ப கூடும்?"

"குழுவப் போடறதுக்கு முதல்ல ஒரு குழு போடணும்ணே. போன தடவ ஆட்டுக்குப் போட்டது. அந்த ஆடெல்லாம் இப்ப உசுரோட இல்ல. வயசாகிச் செத்துருச்சு."

முத்ராவுக்கு மூச்சு சீராக வந்தது.

வயல்வெளியில் கலந்துரையாடல் இனிதே நிறைவுற்றதாகத் தொகுப்பாளினி அறிவித்தாள். விவசாயிகள் மனந்திறந்து பேசியதற்கு நன்றி தெரிவித்தாள். தலைவரின் காலைக் கழுவிவிட்டார்கள். கார்கள் மதியச் சாப்பாட்டுக்குப் புறப்பட்டன. அர்தானாவின் தோளைத் தலைவர் தட்டிவிட்டுப் போனார். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமாம். அந்தத் தோளை அவன் நாள் முழுக்கத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மிச்சமிருந்தவர்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து வாரியத்தின் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தார்கள். மாட்டு வேஷக்காரன் தலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது பெட்டிக்குக் கை நீட்டினான். கெபியார் தூரத்தில் தன் வாத்துகளோடு நின்றுகொண்டிருந்தான்.

"அங்க என்ன நிக்கிற, இங்க வா," என்று கூப்பிட்டான் முத்ரா. "மேல் மூலை காலியாத்தான் கிடக்கு. அங்க உன் கழிய ஊணிக்க. வாரியத்துகிட்ட நான் பேசிக்கிறேன்."

"பெரிய எடத்து ஆளாயிட்டீங்கண்ணே," என்றபடி வந்து உட்கார்ந்தான் கெபியார்.

"சும்மா இருடா. ரெண்டு வயலப் பிடிச்சு என் வாத்தத் தவிடு திங்க வெச்சவன் நீ."

"நீங்க தூங்கினா நான் என்ன பண்றது? என் வாத்து விடியக்காலம் மூணு மணிக்கே கத்துது. அதுங்க கத்தினா என் பொண்டாட்டி கத்துறா. வெளியில ஓட்டிட்டு வந்தாத்தான் வீட்டுல எல்லாரும் தூங்கலாம். வயல் கிடைக்கிறது அதுக்கப்புறம்தான்."

"எங்க வீட்டுல மாடு என் மேல சாஞ்சு தூங்குது," என்றார் பான் துகிர். "போன மழைக்குக் கொட்டகை ஒழுகுச்சு, பக்கத்துல போய்ப் படுத்தேன். அன்னிக்குப் பிடிச்ச பழக்கம். இப்ப நான் போகலைன்னா அது படுக்க மாட்டேங்குது. இடுப்பு போச்சு. ஆனா ஒண்ணு, அந்தச் சூட்டுல வர்ற தூக்கம் மெத்தையில வராது."

"அத்தைகிட்ட இதச் சொல்லியிருக்கீங்களா?" என்றான் கெபியார்.

"அவதான் போய்ப் படுன்னு அனுப்பறா."

மென் கெர்தா சிரித்ததில் சோறு மூக்கில் ஏறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "என் சேலையத் தின்ன சனியன் மறுநாளே பதினோரு குட்டி போட்டுச்சு. கோவமா உள்ள போனேன், ரெண்டு அடி போடலாம்னு. குட்டி பதினொண்ணும் வரிசையாப் பால் குடிச்சுக்கிட்டிருக்கு. அது படுத்தவாக்குல என்னை ஒரு பார்வ பாத்துச்சு. விளக்கமாத்தக் கீழ போட்டுட்டு நானே போய்க் கஞ்சி காய்ச்சி ஊத்தினேன். சேலை இன்னும் ஆறு மாசத்துக்கு வாங்க முடியாது."

"உன் நீல அட்டையில அத எழுதியிருந்தா தலைவர் அழுதிருப்பாரு," என்றார் பான் துகிர்.

"எழுதத் தேவையில்ல. அவரு எதுக்கும் அழுவாரு."

முத்ரா வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறுத்த நெல்தாளுக்கடியில் அலகை விட்டு அவை சேற்றைச் சலிக்கிற சத்தம், சின்னதாக மழை பெய்கிற மாதிரி, வயல் முழுக்கக் கேட்டது. சுகெர்தி தன் பெட்டியிலிருந்த பலகாரத்தை எடுத்து அவன் பெட்டியில் வைத்தாள். எந்தப் பாதி என்ற பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை.

சாயங்காலம் பான் துகிர் போய் மடையைத் திறந்தார். தண்ணீர் வருவதற்குள் முத்ராவும் கெபியாரும் மாட்டு வேஷக்காரனும் அர்தானாவும் சேர்ந்து வாரியத்தின் கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். வாத்துகள் அதன் பின்னால் நடக்க முடியாமல் நடந்து வீடு வந்து சேர்ந்தன. மறுநாள் விடிகாலையில் முத்ரா வைக்கோலுக்குள் கைவிட்டுத் துழாவினான். கூடை போதவில்லை, சுகெர்தி சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்தாள்.

முட்டைகளை அவர்கள் உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தபோது வாரியத்திலிருந்து நாலு ஆட்கள் வந்து, மூங்கில் வாடகைக்கு எடுத்தது என்று சொல்லி, கம்பத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள்.